மை போன பக்கம்

முதலில் ஒரு வாளி.
வீட்டிலிருந்து கொண்டுபோனது, சிவப்பு,
கைப்பிடியில் பழந்துணி சுற்றியது.
குளத்துத் தண்ணீரையே மொண்டு
இரண்டாம் படியில் இறக்கினேன்,
மிதக்காமலிருக்க உள்ளே ஒரு கல்.
வாளிக்குள் ஒரு கோடு,
வெளியே குளத்துக்கு ஒரு கோடு.
"இவ்வளவுதானா?" என்றார் செக்ரட்டரி ஹெக்டே.
இவ்வளவுதான் மேடம்.
வெயில் இரண்டிலும் ஒரே அளவுதான் குடிக்கும்.
குளம் அதற்கு மேல் இறங்கினால்
குடித்தது வெயில் இல்லை.

ஒயிட்ஃபீல்டில் ஏப்ரல் மாதம்.
காலை ஐந்து மணிக்கே
கேட்டில் டேங்கர் ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
வாட்ஸப்பில் அத்தனை பேரும் துப்பறிகிறார்கள்.
தோட்டக்காரன் டியூப் போட்டு உறிஞ்சுகிறானாம்.
பி பிளாக் பையன்கள் குதித்தே காலி செய்கிறார்களாம்.
ஆறாவது மாடிக்காரர் ஒருவர்
டைல்ஸ் பதித்தவனின் ஊர்வரை போய்விட்டார்.

மறுநாள்
வாளியில் அரை விரற்கடை குறைவு,
குளத்தில் ஒன்றேகால்.
மோட்டாரை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பார்த்தேன்.
அதே அரை, அதே ஒன்றேகால்.
அப்படியானால் குழாய் இல்லை, சுவர்.
குழாய்மேல் குற்றமில்லை என்று சொல்ல
எனக்கு இரண்டு முழு நாள் ஆனது.
தோட்டக்காரர் முனிராஜுவை
அவர்கள் ஒரே சாயங்காலத்தில்
விசாரித்து முடித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மை.
ஊசி கழற்றிய சிரிஞ்சில் சிவப்பு மை.
கண்ணாடி மாட்டி இறங்கினேன்.
இந்த வேலைக்கு
நீந்தத் தெரிவது பெரிதில்லை,
நீந்தாமலிருக்கத் தெரியவேண்டும்.
விரல் அசைந்தால் மை அந்தப் பக்கம் போகும்.
மூச்சு விட்டால் குமிழோடு ஏறும்.
நான் அங்கே இல்லாத மாதிரி
அங்கே இருக்கவேண்டும்.

எல்லோரும் போட்டோ எடுத்து அனுப்பிய
அந்தப் பெரிய விரிசலில் விட்டேன்.
மை சோம்பல் முறித்து மேலே போயிற்று.
படிக்கட்டு மூலை, ஒன்றுமில்லை.
அடிச்சல்லடை, ஒன்றுமில்லை.
காது வலித்தது. மேலே வந்தேன், மறுபடி போனேன்.

மூன்றாவது விளக்கு.
வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சொட்டு.
நின்றது.
நின்றபடியே மெலிந்தது.
நூலானது.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து
ஊசியில் கோத்து இழுப்பதுபோல்
உள்ளே
போய்விட்டது.

பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன்.
இந்த நொடிக்கு மட்டும்
அடிவயிறு இன்னும் சில்லென்கிறது.

"கிடைச்சிடுச்சு மேடம்."
அவர் குனிந்து பார்த்தார், தெரியவில்லை.
"எவ்வளவு பெரிசு?"
நகக்கண் அளவு.
நாளொன்றுக்குச் சின்ன டேங்கரில் பாதி.
"அவ்வளவும் எங்கே போகுது?"

விளக்கின் ஒயர் போகும் வழியே போய்
மதிலுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும் இடம்.
மத்தியானம் பீடிக்கு ஒதுங்கியபோது பார்த்திருந்தேன்.
ஊரெல்லாம் புழுதி, அங்கே மட்டும் மண் கறுப்பு.
குட்டி ஈன்ற நாய் ஒன்று
வயிறு முழுக்க அதில் ஒட்டிக் கிடந்தது.
மண்ணுக்குள்ளே எங்கேயோ, என்றேன்.
போகிற இடம் என் ரசீதில் வராது.

விளக்கைக் கழற்றி
ஒயர்க்குழாயின் வாயில் எபாக்சி பிசைந்து அடைத்தேன்.
பிறகு மீண்டும் ஒரு சொட்டு.
இந்தத் தடவை மை
எந்தப் பக்கமும் போகாமல்
என் முகத்துக்கு நேரே தொங்கியது.

மர்ஃபி டவுனில் அன்று தண்ணீர் வரும் முறை.
ரெஜினா குழாயடியில் வாளிக்குக் காத்திருந்தாள்.
"இது என்ன கோடு, தேய்ச்சாலும் போகலை?"
வேலைக்குப் போட்டது.
"கல் வேற கிடக்கு."
எடுக்க மறந்துட்டேன்.
கல்லை எடுத்துத் தூர வைத்தாள்.
என் ஃபோன் அடித்தது. ஹெக்டே மேடம்,
நன்றி, ஒரு கட்டைவிரல்.
முனிராஜுவைப் பற்றி எதுவுமில்லை.
குழாய் இருமி, காற்று கக்கி, வந்தது.
கோடு வரை ஏறியது,
கோடு மூழ்கியது,
விளிம்பு தொடும்வரை
அவள் கையை எடுக்கவில்லை.